கரண்ட் காட்டாமல் கொண்டுபோன கம்ப்யூட்டர்

1. வெடி

நானே பிளான் போட்டு, நானே பாகங்களைத் தேர்ந்தெடுத்து, என் கையால் அசெம்பிள் செய்த முதல் கம்ப்யூட்டர் கிளிஞ்சல்மேட்டில் ஒரு விசைப்படகுக்காரர் வீட்டில் வெடித்தது. சுவர் சுவிட்சைப் போட்டதும் பட்டென்று ஒரு சத்தம். கேபினெட்டின் பின்பக்கம் ஒரு கொத்துப் புகை. வீட்டு மெயின் விழுந்து மின்விசிறி நின்றது. சுற்றி நின்ற பத்துப் பன்னிரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் மானிட்டரைப் பார்த்தேன், அதில் ஏதோ படம் வரப்போகிறது மாதிரி.

கற்பூர வாசனையோடு கப்பாசிட்டர் கருகிய வாசனையும் கலந்தால் எப்படி இருக்கும் என்று நான் படித்த ஹார்டுவேர் டிப்ளமோவில் சொல்லித் தரவில்லை. சர்வீஸ் வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஆகவே வெடித்ததற்கு முன்னால் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன்.

2. விலைப் பட்டியலும் பஞ்சாங்கமும்

2007, 2008 வாக்கில் இருக்கும். எனக்கு ஊர் குரும்பகரம். அப்பா அம்மாவுக்கு வயல் வேலை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான். அதனால் எனக்கு ஒரு வியாதி உண்டு. புத்தகத்தில் என்ன போட்டிருக்கிறதோ, பெரியவர்கள் என்ன சொல்கிறார்களோ, அதை ஓர் எழுத்து பிசகாமல் செய்வேன். காரைக்கால் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஹாஜா பாய் வைத்திருந்த கம்ப்யூட்டர் கடையில் அப்போதுதான் சேர்ந்து ஆறு மாதம் ஆகியிருந்தது.

கடைக்கு வந்த அந்த விசைப்படகுக்காரர் செல்வமணி அண்ணன். கூடவே மகள் சுகந்தி. ப்ளஸ் டூ முடித்த பெண், பி.சி.ஏ. படிக்க இடம் கிடைத்திருந்தது. அண்ணனுக்கு அந்தப் படிப்பின் மேல் பாதி நம்பிக்கைதான். மீதிப் பாதியை அவருடைய அக்கா டீச்சர் டிரெயினிங் பக்கம் இழுத்து வைத்திருந்தார்.

"கம்ப்யூட்டர மொதல்ல வீட்டுல வாங்கி வைப்போம் தம்பி. நல்லபடியா ஓடுச்சுன்னா அந்தப் படிப்புக்குப் பணம் கட்டுறேன். வந்தன்னிக்கே மக்கர் பண்ணுச்சுன்னா அக்கா சொல்றதுதான்."

சுகந்தி என்னைப் பார்த்த பார்வையில், "ஒழுங்கா செஞ்சு குடுங்க" என்று எழுதியிருந்தது.

பட்ஜெட் இருபதாயிரம். எங்கே வெட்டுவது, எங்கே வெட்டக் கூடாது என்பதுதான் பிளான். தனி கிராபிக்ஸ் கார்டு வேண்டாம், மதர்போர்டிலேயே வரும் ஆன்போர்டு போதும். எல்சிடி வேண்டாம், பதினேழு இன்ச் பெட்டி மானிட்டர். டிவிடி ரைட்டர் வேண்டாம், ரீடர் போதும். ஆனால் மதர்போர்டில் இரண்டு ரேம் ஸ்லாட் இருந்தே ஆக வேண்டும். இன்றைக்கு ஒரு ஜிபி போட்டுவிட்டு, கையில் காசு வரும்போது இன்னொன்று சொருகலாம். பிராசசர் டூயல் கோர். கேபினெட் மட்டும் சல்லிசு. அதோடு வரும் எஸ்எம்பிஎஸ்ஸும், அதாவது வீட்டுக் கரண்ட்டை வாங்கி உள்ளே பிரித்துக் கொடுக்கும் பவர் சப்ளையும், சல்லிசு. இதை எழுதும்போதே கை கூசுகிறது.

அடுத்தது நேரம். ஹாஜா பாய் கணக்கு வேறு.

"ரேம் வெல எறங்கிட்டு வருது தம்பி. பத்து நா பொறுத்து வாங்குனா முந்நூறு ரூவா மிச்சம்."

"பத்து நாள்ல ஆடி பொறந்துடும் பாய். ஆடியில அவங்க புதுசா எதுவும் வீட்டுக்குள்ள கொண்டுவர மாட்டாங்க."

"அப்ப ஆவணில வாங்கட்டும். இன்னும் கொறையும்."

"காலேஜுல ஆவணி வரைக்கும் எடம் வச்சிருக்க மாட்டாங்க பாய்."

"என்னமோ போ. நீயாச்சு, உன் பஞ்சாங்கமாச்சு."

மே கடைசியில் மீன்பிடித் தடைக்காலம் முடியும். ஜூனில் படகு இறங்கி நாலு நடை மீன்பாடு நல்லபடியாகக் கிடைத்தால் கையில் பணம் புழங்கும். ஜூலை நடுவில் ஆடி வந்துவிடும். இந்த இடைவெளிக்குள்தான் கடற்கரை ஊர்களில் கம்ப்யூட்டர் விற்கும். ரேம் கம்பெனிக்காரனுக்கு இது தெரியாது. நாங்கள் ஆனி மாதத்துக் கடைசி வெள்ளிக்கிழமையைக் குறித்தோம். காலேஜில் பணம் கட்டவும் அன்றைக்குத்தான் கடைசி நாள். பாங்கு கவுண்டர் இரண்டு மணி வரை.

3. வாக்கு

பாகங்கள் எல்லாம் வந்து சேர்ந்த அன்றைக்கு அண்ணன் கடைக்கு வந்தார்.

"ஒண்ணே ஒண்ணு தம்பி. வெள்ளிக்கெழம ஒம்போதரைலேந்து பத்தரை நல்ல நேரம். மொத கரண்ட்டு எங்க வீட்டுல, அந்த நேரத்துலதான் ஏறணும். அதுக்கு முந்தி கடையில ஓட்டிக் கீட்டிப் பாத்துப்புடாத."

"சரிங்கண்ணே."

எங்கள் கடையில் ஒரு வழக்கம். அசெம்பிள் செய்த மெஷினை ஒரு பகல், ஒரு ராத்திரி ஓடவிட்டுத்தான் வெளியே அனுப்புவோம். தனியாக செக் லிஸ்ட் என்று ஒன்றும் கிடையாது. ஏதாவது தப்பு இருந்தால் ஓடும்போது அதுவே வெளியே வந்துவிடும். ஓட்டக் கூடாது என்று சொல்லிவிட்டால், பார்க்கிற வேலையே இல்லாமல் போகிறது என்று எனக்கு உறைக்கவில்லை. ஹாஜா பாயைக் கேட்கலாம் என்றால் அவர் ஒரு கல்யாணத்துக்கு நாகூர் போயிருந்தார். வாக்குக் கொடுத்தாயிற்று. ஸ்குரூ எல்லாம் முடுக்கி, ஒயர்களை அழகாக டேக் போட்டுக் கட்டி, பிளக்கில் சொருகாமல் பெட்டியில் வைத்தேன். யாராவது தெரியாமல் சொருகிவிடப் போகிறார்கள் என்று பவர் கேபிளை வீட்டுக்கே எடுத்துக்கொண்டு போய்விட்டேன். அவ்வளவு நாணயம்.

4. வெள்ளிக்கிழமை

மேசை மேல் எல்லாவற்றையும் வைத்து, கேபிள் மாட்டி முடித்தபோது மணி ஒன்பதே முக்கால். அண்ணனுடைய அக்கா சந்தனக் கிண்ணத்தோடு வந்தார். மானிட்டர் நெற்றியில் ஒன்று, கீபோர்டில் ஒன்று, இரண்டு ஸ்பீக்கருக்கும் ஒவ்வொன்று. மவுஸுக்கு அடியிலும் வைக்கப் போனார்.

"அம்மா, அங்க வச்சா நகராதுங்க."

"நகராட்டி என்னா, நாம நகத்திக்குவோம்."

கேபினெட்டுக்குப் பின்னாலும் ஒரு பொட்டு வைத்தார். எஸ்எம்பிஎஸ்ஸில் சின்னதாக ஒரு சிவப்புச் சுவிட்சு இருக்கும். பார்ப்பதற்குப் பொட்டு வைக்கவே செய்து வைத்தது மாதிரி இருக்கும். கற்பூரம் காட்டினார்கள். சுகந்தி கண்ணை மூடிக்கொண்டு சுவர் சுவிட்சைப் போட்டாள். அப்புறம் நடந்ததை முதலிலேயே சொல்லிவிட்டேன்.

முதலில் பேசியது அக்காதான்.

"பாத்தியாடா. இந்த வூட்டுக்கு இது ஆவாது. டீச்சர் டிரெயினிங்குக்கு ஃபாரம் வாங்கித்தான் வச்சிருக்கேன்."

அண்ணன் மெயினைப் போட்டுவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

சுகந்தி அழுவாள் என்று நினைத்தேன். அவள் பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கேபினெட்டைத் திருப்பினாள். பின்னால் இருந்த சந்தனத்தை நகத்தால் சுரண்டினாள்.

"இங்க நூத்திப் பதினஞ்சுன்னு போட்டுருக்கு. நம்ம வீட்டுக் கரண்ட்டு இருநூத்தி முப்பதுதான?"

நான் பார்த்த எஸ்எம்பிஎஸ் எல்லாம் அந்தச் சுவிட்சு 230-இல் வைத்தபடிதான் பெட்டியைவிட்டு வந்திருக்கின்றன. இது 115-இல் வந்திருக்கிறது. கடையில் ஒரு தடவை சொருகியிருந்தால் அங்கேயே வெடித்திருக்கும், இன்னொன்று மாட்டியிருப்பேன்.

"அத யாரு பாக்கணும்?" என்றார் அண்ணன்.

"நான்தாங்கண்ணே. ஓட்டிப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

"ஏன் பாக்கல?"

"நீங்கதான் ஓட்டக் கூடாதுன்னு சொன்னீங்க."

அண்ணன் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏந்தம்பி, புது இஞ்சினு வாங்குனா மெக்கானிக்குக்கிட்டயும் இதத்தான் சொல்லுவேன். பூச போடாம ஸ்டார்ட் பண்ணாதடான்னு. அவன் சரிம்பான். சொல்லிப்புட்டு, நான் டீ குடிக்கப் போறப்ப ஓட்டிப் பாத்துருவான். ஓட்டிப் பாக்காத இஞ்சின நம்பி எவன் கடலுக்குப் போவான்?"

"அப்ப அந்தப் பூசைக்கு முன்னாடியே இஞ்சின் ஓடிருச்சேண்ணே?"

"மெக்கானிக்கு ஓட்டுறது கணக்குல வராது தம்பி."

5. பார்க்காத ஒன்றரை மணி நேரம்

மொபெட்டை எடுத்துக்கொண்டு கடைக்குப் பறந்தேன். ஹாஜா பாய் வந்திருந்தார். விஷயத்தைச் சொன்னதும் அவர் திட்டவில்லை. சிரித்தார். அதற்குத் திட்டியிருக்கலாம்.

"கரண்டே காட்டாம குடுத்தியா? பவர் கேபிள வூட்டுக்கு வேற எடுத்துட்டுப் போனியா? அல்லாவே."

நல்ல எஸ்எம்பிஎஸ்ஸாக ஒன்றை அவரே எடுத்துக் கொடுத்தார். சுவிட்சை நான் மூன்று தடவை பார்த்தேன். 230. திரும்பி வந்து சேர்ந்தபோது பத்தே முக்கால். ராகு காலம் தொடங்கிவிட்டது. பன்னிரண்டு மணி வரை இருக்கும்.

நான் தயங்கி நின்றேன். அண்ணன் எழுந்தார்.

"அக்கா, எல்லாரும் வெளில வாங்க. தம்பி வேல பாக்கட்டும்."

வீடே வெளியே போய், கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தது. நான் எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றினேன். கண்ணை மூடிக்கொண்டு பட்டனை அழுத்தினேன். ஒரு பீப். திரையில் எழுத்து வந்தது. போர்டும் பிராசசரும் தப்பித்துவிட்டன. மெமரி டெஸ்ட் ஒரு சுற்று ஓட்டினேன், சிடி போட்டு ஆபரேட்டிங் சிஸ்டம் ஏற்றினேன். நடுவில் வெளியிலிருந்து அக்காவின் குரல்.

"என்னமோ கீச்சுங்குது. ஓடுதா?"

"அக்கா, நாம பாக்கல," என்றார் அண்ணன். கொஞ்ச நேரம் கழித்து அவரே கேட்டார், "தம்பி, நாங்க பாக்கல. ஆனா ஓடுதுல்ல?"

"ஓடுதுண்ணே."

பன்னிரண்டேகாலுக்கு எல்லோரும் உள்ளே வந்தார்கள். மறுபடியும் கற்பூரம். சுகந்தி இந்தத் தடவை கண்ணை மூடவில்லை. பட்டனை அழுத்தினாள், படம் வந்தது, ஸ்பீக்கரில் இசை வந்தது.

"மொத தடவையே ஓடிருச்சு பாரு," என்றார் அக்கா. அதை அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை. யாரும் சிரிக்கவும் இல்லை.

அண்ணன் சட்டையை மாட்டிக்கொண்டு, "சலான எடு, பாங்கு மூடிடப் போறான்," என்று மகளை அழைத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினார். ஒன்றேகாலுக்குப் பணம் கட்டிவிட்டதாகக் கடைக்குப் போன் வந்தது. பேசியது சுகந்தி. தேங்க்ஸ் சொல்லவில்லை. இரண்டாவது ரேம் என்ன விலை என்று கேட்டாள்.

அதற்குப் பிறகு எத்தனையோ மெஷின் கட்டியாயிற்று. அஷ்டமி, நவமி, ஆயுத பூஜை, வளர்பிறை, எல்லாம் கேட்டாயிற்று. புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளே, கஸ்டமர் நல்ல நேரம் சொன்னால் குறித்துக்கொள்ளுங்கள், சரியாக அந்த நேரத்துக்குப் போய் நில்லுங்கள். ஆனால் ஒரு முழு நாள் ஓட்டிப் பார்க்காமல் எதையும் கடையைவிட்டு வெளியே எடுக்காதீர்கள். மனசு உறுத்தினால் அவரிடமே கேட்டுவிடலாம்: "நான் ஓட்டிப் பாத்தா கணக்குல வருமாங்க?" நான் எல்லோரிடமும் கேட்கிறேன். வரும் என்று இதுவரை ஒருத்தரும் சொன்னதில்லை.