கை வைத்தால் நிற்கும் இரைச்சல்

இதை நான் யாரிடமோ கேட்டு எழுதவில்லை. எனக்கு நடந்தது. மருத்துவமனையில் காது சோதிக்கும் பிரிவில் வேலை பார்க்கிறேன். எந்தச் சத்தம் கேட்கிறது, எது நிற்கிறது என்று நாள் முழுக்கக் கவனிப்பதுதான் என் பிழைப்பு. அதனால் யாராவது "பிரமையா இருக்கும்" என்றால் எனக்குக் கோபம்தான் வரும்.

போன ஜூன் மாதம். செங்காங்கில் அரசாங்கம் கட்டிய அடுக்குமாடியில் எங்களுக்குக் கிடைத்த புது வீவக வீடு, பன்னிரண்டாவது மாடி. சுவரில் பெயின்ட் வாசனைகூட இன்னும் போகவில்லை. இந்தக் கதையைக் கேட்கிற எல்லோரும் முதலில் கேட்பது, அந்த வீட்டில் முன்னால் யாராவது செத்தார்களா என்றுதான். எங்களுக்கு முன்னால் அங்கே யாரும் வாழ்ந்ததே இல்லை.

என் கணவர் ரித்திக்குக்குத் துவாஸில் ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை. அந்த வாரம் மதிய ஷிஃப்ட். தனியாக இருக்கும் மாலைகளுக்காக நான் ஒரு பெடல் செய்ய ஆரம்பித்தேன். பெடல் என்பது கிட்டாருக்கும் ஆம்ப் என்கிற ஒலிபெருக்கிக்கும் நடுவில் மாட்டுகிற சின்ன உலோகப் பெட்டி. காலால் அமுக்கினால் கிட்டாரின் சத்தம் மாறும். நான் எடுத்துக்கொண்டது சத்தத்தைக் கரகரப்பாக்குகிற வகை. பாகங்கள் குறைவு, முதல்முறை செய்கிறவர்களுக்கு அதுதான் சுலபம் என்று சொல்லிக்கொடுத்தது இல்ஹாம்.

இல்ஹாம் பாலிடெக்னிக்கில் என்னோடு படித்தவன். லிட்டில் இந்தியாவில் ஒரு துணிக்கடைக்கு மேல்மாடியில் கிட்டார் பழுது பார்க்கிறான். ஈயம் வைத்துப் பற்றவைப்பது எப்படி என்று அவனிடம்தான் கற்றேன். ஈயம் பளபளவென்று ஓடிப் பிடிக்க வேண்டுமாம். மங்கலாக உருண்டு நின்றால் உருக்கித் திரும்பச் செய்ய வேண்டுமாம். விரலை இரண்டு முறை சுட்டுக்கொண்டேன். ஒரு பாகத்தைத் தலைகீழாக வைத்து, பிடுங்கி, மறுபடி வைத்தேன். ஒருவழியாக, என் கிட்டாரை மாட்டியதும் பெடலில் சிவப்பு விளக்கு எரிந்தது.

கூடவே ஆம்பில் ஒரு இரைச்சல். ங்ங்ங்ங்... என்று விடாமல்.

இல்ஹாமுக்குப் போன் போட்டேன்.

"கம்பி மேல கை வை," என்றான்.

கிட்டார் கம்பிகளின் மேல் உள்ளங்கையை வைத்தேன். இரைச்சல் சட்டென்று நின்றது.

"அப்ப ஓகே லா. உன் உடம்புதான் எர்த். வச்சா நிக்கும், எடுத்தா வரும். எல்லா கிட்டாரும் அப்படித்தான்."

எனக்கும் அது தெரிந்ததுதான். பதினாலு வருஷமாக என்னிடம் இருக்கிற கிட்டார். இந்தப் பெடல் இரைச்சலைப் பெரிதாக்கிக் காட்டியது, அவ்வளவுதான்.

மறுநாள் வியாழக்கிழமை. வெளியே நல்ல மழை. கிட்டாரை சோபா பக்கத்தில் அதன் ஸ்டாண்டில் நிறுத்தி, நீளமான கேபிளால் பெடலில் மாட்டியிருந்தேன். பெடல் சாப்பாட்டு மேசையில். அடி மூடியைக் கழற்றி, உள்ளே இருந்த சின்னத் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக்கொண்டிருந்தேன். கிட்டாருக்கு என் முதுகு. ஆம்ப் இரைந்துகொண்டே இருந்தது.

மாலை 6.20.

இரைச்சல் நின்றது.

ஏதோ ஒயர் விட்டுவிட்டது என்று நினைத்தேன். சிவப்பு விளக்கு எரிந்தது. ஆம்பின் விளக்கும் எரிந்தது. குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரைச்சல் திரும்ப வந்தது.

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி நின்றது.

திரும்பிப் பார்த்தேன். வந்தது.

மேசைப் பக்கம் குனிந்தேன். நின்றது.

என்னால் உட்கார முடியவில்லை. எழுந்தேன். சமையலறைக்குப் போனேன், எதற்கென்று தெரியாமல் திரும்பி வந்தேன். போனை எடுத்தேன்.

"லூஸ் கனெக்ஷனா இருக்கும்," என்றான் இல்ஹாம்.

"லூஸ்னா கரகரன்னு வரும். இது சுத்தமா நிக்குது."

"சுத்தமா நின்னா... யாரோ கை வைக்கிறாங்க அனு. ரித்திக் வந்துட்டாரா?"

"இல்ல."

நான் போனை வைத்துவிட்டேன்.

6.50 இருக்கும். கிட்டார் பக்கத்தில் போய் நின்றேன். ங்ங்ங்ங்... கையை நீட்டிக் கம்பிகளைத் தொட்டேன்.

நின்றது.

கையை எடுத்தேன்.

இரைச்சல் வரவில்லை...

மழைச் சத்தம் மட்டும் கேட்டது.

அப்போதுதான் பார்த்தேன். ஆறு கம்பிகளில் தடித்த கம்பி மட்டும், கழுத்துப் பகுதியில் ஓர் இடத்தில், உள்ளே அமுங்கியிருந்தது. விரல் வைத்து அழுத்தினால் அமுங்குமே, அப்படி.

விரல் இல்லை.

மெல்ல மேலே வந்தது.

டொம்ம்ம்...

செருப்புகூடப் போடவில்லை. லிஃப்டுக்கும் நிற்கவில்லை. படியில் ஓடி, புளோக்கின் கீழ்த்தளத்தில் போய் உட்கார்ந்தேன். ரித்திக் வரும்வரை மேலே போகவில்லை. அவர் எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு, ஒன்றுமில்லை, படு என்றார். எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு இல்ஹாமிடம் போனேன். கீழே தெருவில் நடக்க இடமில்லாத கூட்டம். அந்தச் சத்தமே எனக்குத் தெம்பாக இருந்தது. அவன் கிட்டாரின் பின்மூடியைத் திறந்தான். டார்ச் அடித்துப் பார்த்தான். நிமிர்ந்து என்னைப் பார்த்தான். மறுபடி குனிந்தான்.

"அனு, இதுல எர்த் ஒயரே இல்ல."

கம்பிகளிலிருந்து உள்ளே ஒரு ஒயர் வர வேண்டுமாம். அது இருந்தால்தான் கை வைக்கும்போது இரைச்சல் நிற்கும். அந்த ஒயருக்கான ஓட்டை மட்டும் இருந்தது. ஈயம் வைத்த தடம்கூட இல்லை. செய்யும்போதே விட்டுவிட்டிருக்கிறார்கள்.

"இதுல கை வச்சா நிக்காது. நிக்கவே முடியாது."

ஆம்பில் மாட்டினான். ங்ங்ங்ங்... கம்பிகளில் கை வைத்தான். இரைச்சல் அப்படியே இருந்தது. இரண்டு கையையும் வைத்தான். அப்படியேதான் இருந்தது.

"நீ வை."

எனக்கு வைக்க விருப்பமில்லை. வைத்தேன்.

நின்றது.

இல்ஹாம் கேபிளைப் பிடுங்கினான்.

பதினாலு வருஷம். நான் கை வைத்த ஒவ்வொரு முறையும்...

கிட்டாரை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். வேறு யாருக்காவது பெடல் சோதித்துப் பார்க்க இல்ஹாம் அதைப் பயன்படுத்திக்கொண்டான். யார் கை வைத்தாலும் இரைச்சல் நிற்பதில்லை என்று ஒருமுறை சொன்னான். அதற்குப் பிறகு நாங்கள் அதைப் பற்றிப் பேசவில்லை.

தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை. புடவை எடுக்க லிட்டில் இந்தியாவுக்கு ரித்திக்கும் நானும் போயிருந்தோம். இல்ஹாமிடம் சொல்லவில்லை. கூட்டம் எங்களைத் தள்ளிக்கொண்டே போனது. அவன் கடைக்கு நேர் கீழே வந்தபோது என் போன் அடித்தது.

இல்ஹாம்.

"அனு, நீ எங்க இருக்க?"

"ஏன்?"

"இரைச்சல் நின்னிருச்சு."