ஏசிப் பொத்தானும் இடது கையும்

எங்கள் காரில் ஏசியைப் போட்டால் சத்தம் வருகிறது என்பதை முதலில் கண்டுபிடித்தது நான் இல்லை. ஆனால் மாதக்கணக்கில் நான்தான் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

என் கணவர் அந்தப் பழைய காரை இருபது வருடத்துக்கு மேல் ஓட்டியவர். கட்டுநாயக்கா, நுவரெலியா என்று வாடகைக்கு ஆள் ஏற்றி ஹயர் போவார். ஒரு காலையில் பக்கவாதம் வந்து வலது கை, வலது கால், பேச்சு மூன்றையும் ஒன்றாகக் கொண்டுபோய்விட்டது. இடது கை மட்டும் மிச்சம். நான் பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் எடுப்பவள். லைசன்ஸை எடுத்து அலுமாரிக்குள் பத்திரமாக வைத்திருந்தவள். அதற்குப் பிறகு நான் சாரதி, அவர் இடப்பக்க இருக்கையில். வாரத்தில் இரண்டு நாள் ஹந்தானை மலையில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து இறங்கி, பேராதனை ஆஸ்பத்திரிக்குப் பயிற்சிக்குப் போய் வருவோம்.

பேச்சு போனதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். உள்ளே அவர் இருக்கிறாரா இல்லையா என்று தெரியாததுதான் என்னைத் தின்றது. "என்னங்க, வலிக்குதா?" என்று கேட்டால் ஜன்னலைப் பார்ப்பார். "பசிக்குதா?" என்றாலும் ஜன்னலைத்தான். பயிற்சி கொடுக்கும் பெண் தண்ணீர்க் குவளை, கட்டில், சோற்றுக் கோப்பை என்று படங்களை விரித்து வைத்துத் தொடச் சொல்வாள். அந்த இடது கை மடியிலேயே கிடக்கும்.

காரில் மட்டும் அது அசையும். கண்டி டவுன் நெரிசலில் ஜன்னலைத் திறந்தால் புகை, மூடினால் வேர்வை. அவருக்கு நான் கொடுக்க முடிந்த ஒரே சுகம் என்று ஏசியைப் போடுவேன். இடது கை மெதுவாக எழுந்து, செத்துக் கிடக்கும் வலது கைக்கு மேலாகக் குறுக்கே வந்து, பொத்தானைத் தட்டி நிறுத்திவிடும். நான் மறுபடி போடுவேன். கை மறுபடி வரும்.

எங்கள் பக்கத்துச் சாரதிமார் ஏற்றத்தில் ஏசியை நிறுத்திவிடுவார்கள், பழைய இஞ்சின் இழுக்காது என்று. இவர் அதில் ரொம்பக் கறார். பின்னால் இருப்பவர்கள் வேர்த்து வடிந்தாலும் கடுகண்ணாவ ஏற்றத்தில் ஏசி கிடையாது. ஆளே போய், அந்தப் பழக்கம் மட்டும் கையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று நினைத்தேன். அதுவும் இப்போது சமதரையிலும் நிறுத்துகிறாரே! ஏற்றம் எது, சமதரை எது என்றுகூட இவருக்கு விளங்கவில்லை என்று முடிவு கட்டினேன். கணக்கு டீச்சர் அல்லவா, விடையைப் போட்டுக் கீழே கோடும் இழுத்துவிட்டேன். பேராதனைச் சந்தியில் ஒரு நாள் எரிச்சல் தாங்காமல் அந்தக் கையைத் தட்டிவிட்டேன். பலகாரத் தட்டுக்குள் கை நீட்டும் பிள்ளையைத் தட்டுவதுபோல. அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இரண்டு மாதம் கழித்துத்தான் கடகடவென்ற சத்தம் என் காதில் விழுந்தது. முதலில் பார்த்த மெக்கானிக் பாஸ், பேரிங் போய்விட்டது என்று மாற்றினார். ஒரு கிழமையில் சத்தம் திரும்பியது. இரண்டாவது பாஸ் கம்ப்ரசரே முடிந்தது என்று ரீகண்டிஷன் கம்ப்ரசர் ஒன்றைப் பூட்டினார். பத்து நாள் கழித்துப் பழையபடி கடகட. என்னோடு படிப்பிக்கும் ஒருவர் சொல்லித்தான், பல்லேகலயில் கராஜ் வைத்திருக்கும் கலகெதரக்காரர் ஒருவரிடம் போனேன். அவர் முஸ்லிம், தொப்பி போட்டவர், அவசரமே இல்லாத மனிதர்.

"சத்தம் எப்ப வருது டீச்சர்? ஏத்தத்திலயா, நிக்கக்குள்ளயா?"

"சரியா சொல்லத் தெரியல பாஸ். ஏசி போட்டதும் இவரு ஓஃப் பண்ணிடுறாரு. இவருக்கு ஒண்ணும் வெளங்குறதில்ல."

அவரை வைத்துக்கொண்டே அப்படிச் சொன்னேன்.

பாஸ் அவரை ஒரு தரம் பார்த்துவிட்டு, பொனட்டைத் திறந்தார். நீண்ட ஸ்க்ரூடிரைவர் ஒன்றின் முனையைக் கம்ப்ரசரில் வைத்து, பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டார். "இப்ப போடுங்க" என்றார். நான் ஸ்டியரிங்கில் இருந்தபடி போட்டேன். கார் ஓடாமல் நிற்கும்போது எனக்கு எதுவுமே கேட்கவில்லை. கை வந்தது, நிறுத்தியது.

"திரும்பப் போடுங்க."

கை திரும்ப வந்தது. பாஸ் பொனட்டுக்குப் பக்கவாட்டில் தலையை நீட்டினார். "டீச்சர், இரும்பக் காதில வச்சும் எனக்கு இப்பதான் லேசாக் கேக்குது. அண்ணனுக்கு அங்க ஈந்தே கேக்குது. அவர்ட கைய நல்லாப் பாத்து, வருதா இல்லயா எண்டு எனக்குச் செல்லுங்க."

ஒரு சுத்தியலின் மரப்பிடியால் ஒவ்வொரு பாகமாக அழுத்திப் பார்த்தார்; ஒவ்வொரு தரமும் நான் ஏசியைப் போட்டேன்.

"கை வருது பாஸ்."

"இப்ப?"

"வருது."

"இப்ப செல்லுங்க."

பாதி வழியில், கியருக்கு மேலே கை நின்றது. பிறகு திரும்பிப் போய் மடியில் படுத்துக்கொண்டது. "நின்னுட்டுது!" என்று கத்தினேன். பாஸ் அழுத்தத்தை விட்டார். கை மறுபடி கிளம்பியது. அழுத்தினார், நின்றது. நாலைந்து தரம் அப்படிச் செய்தார். ஒரு தரம்கூடப் பிசகவில்லை.

கம்ப்ரசரைத் தாங்கும் சட்டத்தில், பின்பக்கத்து போல்ட் ஒன்றின் மரை தேய்ந்திருந்தது. ஏசி ஓடும்போது முழுக் கம்ப்ரசரும் ஆடுகிறது. முதல் இரண்டு பேரும் கழற்றியதை அப்படியே திரும்பப் பூட்டியிருக்கிறார்கள். பாஸ் புது மரை வெட்டிப் பெரிய போல்ட் ஒன்றைப் போட்டு இறுக்கினார். எந்த போல்ட் என்று எனக்கும் காட்டினார். பிறகு இவருடைய ஜன்னலுக்கு வந்து குனிந்தார். "சரியாக் காட்டித் தந்தீங்க அண்ணே."

அந்த வருடத்தில் யாராவது அவரிடம் ஒன்றைக் கேட்டு அவர் பதில் சொன்னது அதுதான் முதல் தடவை. கேட்டது நான் இல்லை.

திரும்பி வரும் வழியில் மகாவலிக் கரையில் காரை ஓரம் கட்டி ஓவென்று அழுதேன். "மன்னிச்சிருங்க, நீங்க சொல்லிக்கிட்டேதானே இருந்தீங்க" என்றேன். வீட்டில் புதுத் திட்டமெல்லாம் போட்டேன். தேத்தண்ணி வேண்டுமா, கோப்பி வேண்டுமா, கையை வைத்துக் காட்டட்டும். எந்தச் சேர்ட் என்று கையால் தொடட்டும். ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ ஒரு தரம் நீலச் சேர்ட்டைத் தொட்டார் என்று நினைக்கிறேன். சத்தியம் செய்யச் சொன்னால் செய்ய மாட்டேன்.

அடுத்த கிழமை அவருடைய வாய் இன்னும் ஒரு பக்கம் கோணிக்கொண்டது. பக்கவாதத்தின் இரண்டாவது தாக்கம், சின்னதுதான் என்றார்கள். ஐந்து நாள் வார்டில் வைத்துப் பார்த்து அனுப்பினார்கள். இடது கைக்கு ஒன்றும் ஆகவில்லை. கரண்டியைக் கொடுத்தால் பிடிக்கும், விரலைக் கொடுத்தால் பிடிக்கும். தானாக எதையும் தேடி வராது.

காரில் ஏசி இப்போது சத்தமே இல்லாமல் ஓடியது. அந்த அமைதியை என்னால் தாங்க முடியவில்லை. சத்தம் இல்லாததால்தான் கை வரவில்லை, வேறு காரணமே இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். போன மாதம் பயிற்சி முடிந்து வெளியே வந்ததும் அவரை இருக்கையில் ஏற்றிவிட்டு, பொனட்டைத் திறந்து, டிக்கியில் கிடந்த அவருடைய ஸ்பேனரால் அந்த போல்ட்டைத் தளர்த்தினேன். யாராவது பார்த்திருந்தால் பைத்தியம் என்றுதான் நினைத்திருப்பார்கள். பரவாயில்லை.

ஏசியைப் போட்டேன். கடகடவென்று, தெருவில் போகிறவர்களும் திரும்பிப் பார்க்கிற சத்தம். கெட்டம்பே தாண்டினேன், டவுன் நெரிசலில் ஊர்ந்தேன், ஹந்தானை ஏற்றத்தில் திரும்பினேன். இஞ்சின் திணறியது, கார் முழுவதும் நடுங்கியது. இடது கை மடியில் மல்லாந்து கிடந்து அதோடு சேர்ந்து ஆடிக்கொண்டிருந்தது.

வீட்டுக்குத் திரும்பும் கடைசி வளைவு வரை காத்திருந்தேன். பிறகு ஏசியை நானே நிறுத்தினேன்.