அண்ணை என்று சொல்லிவிட்டுத் தொடு

தாதிப் பயிற்சிக்குச் சேர்ந்த முதல் மாதத்திலேயே எங்களுக்கு ஒரு மந்திரம் சொல்லித் தந்துவிட்டார்கள். ஆண்கள் வாட்டில் நோயாளியைத் தொடுவதற்கு முன்னால் "அண்ணை" என்று கூப்பிட வேண்டும். வயது போனவர் என்றால் "ஐயா", இளையவன் என்றால் "தம்பி". "அண்ணை எண்டு சொல்லிப்போட்டுத் தொடுங்கோ. பிறகு ஒரு பயமும் இல்லை" என்றார்கள் மூத்த மாணவிகள். பெண்கள் பள்ளிக்கூடத்தில் படித்து, பஸ்ஸில்கூட ஆண்களுக்குப் பக்கத்தில் இருந்து பழகாத எங்களுக்கு அது பெரிய ஆறுதல். பொய் சொல்லக்கூடாது, மந்திரம் நன்றாகவே வேலை செய்தது. அண்ணை என்று கூப்பிட்டதும் அந்த ஆண்களும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி அடங்கிக் கிடந்தார்கள்.

மந்திரத்தோடு ஒரு பொம்மையும் இருந்தது. படுக்கையில் கிடப்பவரின் உடம்பைத் துடைத்துப் பழகுவதற்கான பெரிய ரப்பர் பொம்மை. வயிற்றுக்குக் கீழே அதற்கு ஒன்றுமே இல்லை, வழுவழுவென்று இருக்கும். எங்கள் பாடமும் அதே மாதிரித்தான். இதயத்தையும் ஈரலையும் நாள்கணக்கில் விளக்கிய ஆசிரியை, சிறுநீரகத்தைத் தாண்டிக் கீழே வந்ததும் மணிக்கூட்டைப் பார்த்தார். "மிச்சத்தை நீங்களே வாசியுங்கோ. சோதினைக்கு வராது." சோதினைக்கு வராததை எந்தப் பைத்தியம் வாசிக்கும்? வாசிப்பதை யாராவது கண்டால் விடுதியில் கதை கட்டி முடித்துவிடுவார்கள்.

நாங்கள் இரண்டாம் வருடத்தில் இருந்தபோது அவர் வந்தார். சண்டையால் மின்சாரம் போய், சவர்க்காரம் ஒன்றுக்கு ஆலாய்ப் பறந்த காலம். லொறி ஓட்டுகிறவர், முப்பது வயது வராது. ஷெல் விழுந்து, சுவர் இடிந்து மேலே சரிந்ததில் முள்ளந்தண்டு முறிந்திருந்தது. இடுப்புக்குக் கீழே ஒன்றும் தெரியாது. சலம் போவதற்குக் குழாய் போட்டிருந்தது. கலியாணம் கட்டி ஒரு வருடம்கூட ஆகவில்லை. மனைவி அரியாலையிலிருந்து மத்தியானச் சோற்றோடு சைக்கிளில் வருவாள். எங்களைவிட ஒன்றிரண்டு வயதுதான் கூட இருக்கும். அவருக்கு வாயில் தீத்திவிட்டு, மிச்சச் சோற்றைக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றபடியே தானும் சாப்பிடுவாள்.

ஆண்களைக் கழுவித் துடைக்கிற வேலையை அதுவரை ஆண் சிற்றூழியர்கள்தான் பார்த்தார்கள். நாங்கள் முகம், கை, முதுகோடு நிறுத்திக்கொள்வோம். பிறகு பாதைகள் அடைபட்டு, தூரத்திலிருந்து வந்தவர்கள் வராமல் போனதும் முழு வேலையும் எங்கள் தலையில் விழுந்தது. ஒரு காலைப்பொழுது என் வகுப்புக்காரி ஒருத்தி அவரைக் கழுவப் போனாள். எங்களுக்குள் மிகவும் கூச்சக்காரி அவள்தான். முறைப்படி "அண்ணை" என்று கூப்பிட்டுவிட்டுத்தான் தொடங்கினாள். குழாய்க்குப் பக்கத்தில் ஈரத்துணி பட்டதும் அந்த இடம் விறைத்துவிட்டது. அவள் துணியை எறிந்துவிட்டு அழுதபடி ஓடி வந்தாள்.

"என்ன மிஸ்ஸி, என்ன நடந்தது?" என்று அவர் பின்னால் கூப்பிட்டுக் கேட்டார். அந்தக் கேள்வியை எங்கள் ஆட்கள் நடிப்பு என்று எடுத்துக்கொண்டார்கள்.

"அண்ணை எண்டு கூப்பிட்டும் உந்த வேலையோ!" மத்தியானத்துக்குள் விடுதி முழுக்க இதே பேச்சு. ஒருத்தி வீட்டுக்கே திரும்பிப் போகப்போவதாகச் சொன்னாள். வாட்டுப் பொறுப்பான சிஸ்டரிடம் முறையிட்டபோது அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு, "இனி அந்தக் கட்டிலுக்குச் சோடியாய்ப் போங்கோ" என்றார். அவ்வளவுதான் விசாரணை. அதற்குப் பிறகு ஒருத்தரும் அவரை அண்ணை என்று கூப்பிடவில்லை. எங்களுக்குள் கதைக்கும்போது அவர் "உவர்" ஆனார், பிறகு "உவன்" ஆனார். இரண்டு பேர் போவார்கள், முகத்தைத் துடைப்பார்கள், வந்துவிடுவார்கள். நேரத்துக்கு நேரம் புரட்டிவிட வேண்டிய உடம்பு அது. புரட்டுவதற்கு ஆள் இல்லாமல் முதுகின் அடியில் புண் வைத்தது.

யாரோ அவருக்கு விசயத்தைச் சொல்லியிருக்க வேண்டும். அவர் சோற்றைக் குறைத்தார், தண்ணீரைக் குறைத்தார். ஏன் என்று கேட்டேன். "கழுவுற வேலை குறையும்தானே, மிஸ்ஸி" என்று சொல்லிவிட்டு முகத்தை மூடிக்கொண்டார். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது.

அவருடைய மனைவியையும் விடவில்லை. வாட்டு வாசலிலேயே மறித்து, "உங்கடை மனுசனுக்குக் கொஞ்சம் புத்தி சொல்லுங்கோ அக்கா" என்று எங்கள் ஆட்கள் விசயத்தைச் சொன்னார்கள். அவள் தலையைக் குனிந்தபடி கேட்டாள், அவருக்காக மன்னிப்பும் கேட்டாள். ஆனால் அடுத்த நாள் நல்ல சீலை உடுத்து, தலைக்குப் பூ வைத்து வந்தாள். "வெக்கங்கெட்டவள்" என்று முணுமுணுத்தார்கள். எனக்கும் அந்தப் பூவின் அர்த்தம் விளங்கவில்லை.

எனக்கு ஒரு சந்தேகம் மட்டும் அரித்துக்கொண்டே இருந்தது. காலில் ஊசியால் குத்தினால் தெரியாத மனிதருக்கு இது மட்டும் எப்படித் தெரியும்? விடுதியில் கேட்டேன். "உனக்கேன் உந்த ஆராய்ச்சி?" என்றார்கள். அன்றிலிருந்து எனக்கு "ஆராய்ச்சி" என்றே பட்டம். நான் குளிக்கப் போனால், "ஆராய்ச்சி போகுது, வழி விடுங்கோ" என்று சிரிப்பார்கள். சிரித்தால் சிரிக்கட்டும் என்று இளம் டொக்டர் ஒருவரை நடைபாதையில் மறித்துக் கேட்டேன்.

அவருக்குக் காது சிவந்துவிட்டது. "அது முள்ளந்தண்டு தன்ரை பாட்டிலை செய்யிற வேலை. முழங்காலிலை தட்டினால் கால் எழும்புதெல்லோ, அது மாதிரி. மூளைக்குச் செய்தியே போகாது" என்றார்.

"இதை வாட்டிலை வந்து சொல்லுங்கோ, டொக்டர்."

வந்தார், அந்தப் புண்ணியம் அவருக்குச் சேரும். சிஸ்டருக்கும் குனிந்து நின்ற எங்களுக்கும் சொன்னார். சோற்றோடு வந்து நின்ற மனைவியிடமும் சொன்னார். "உங்கடை மனுசனிலை ஒரு பிழையும் இல்லை. அவருக்கு அது தெரியவே தெரியாது. வெறும் நரம்பு வேலை." சொல்லிவிட்டு விறுவிறுவென்று போய்விட்டார். கட்டிலில் கிடந்தவர் மனைவியின் கையைப் பிடித்து, "கேட்டியோ, நான் ஒண்டும் செய்யேல்லை" என்று விம்மினார். கூச்சக்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அண்ணை, மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றாள். எனக்கு உள்ளுக்குள் பெருமை தாங்கவில்லை.

மனைவி சோற்றுப் பாத்திரம் கழுவுவதற்குக் குழாயடிக்குப் போனாள். நன்றி சொல்லப் போகிறாள் என்று நினைத்து நானும் பின்னால் போனேன். தண்ணீர் பாத்திரத்தை நிரப்பி வழிந்துகொண்டிருந்தது, அவள் கழுவவில்லை.

"அப்ப அவருக்கு என்னிலை ஒண்டும் வராதோ, மிஸ்ஸி?"

நான் எட்டிக் குழாயை மூடினேன்.

"உவையள் பழி சொன்னது வெக்கமாத்தான் இருந்தது. வீட்டை போய் அழுதனான். ஆனால் பிறகு யோசிச்சுப் பார்த்தன். அவர் இன்னும் ஆம்பிளையாத்தான் இருக்கிறார், எங்களுக்கும் பிள்ளை குட்டி கிடைக்கும் எண்டு நினைச்சன். பழி சொன்னதே நல்லா இருந்தது. இனி ஏலாதோ, மிஸ்ஸி? சொல்லுங்கோவன்."

எனக்குத் தெரியாது. கேட்டுச் சொல்வதாகச் சொன்னேன். டொக்டர், "அதெல்லாம் இப்ப ஏன்? முதல்லை புண் மாறட்டும்" என்று நழுவினார். சிஸ்டர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "கலியாணம் கட்டாத பிள்ளை கேக்கிற கேள்வியே இது?" என்றார். ஆசிரியை, அதைப் பற்றித் தனக்கும் தெரியாது என்றார். அவர் ஒருவர்தான் உண்மை சொன்னவர்.

அவள் கொஞ்ச நாள் வந்தாள். வந்தவுடன் முதலில் என் முகத்தைத்தான் பார்ப்பாள். பார்த்துவிட்டுக் கட்டிலுக்குப் போவாள். தலையில் பூ இல்லை. பிறகு அவளுடைய தமையன் சோறு கொண்டுவந்தார். பிறகு உடுப்பிட்டியிலிருந்து அவருடைய தாய் வந்து கட்டிலடியில் தங்கினார். பெண்ணைப் பெற்றவர்கள் அவளை மறித்துவிட்டார்கள் என்று அந்தத் தாய் சொல்லித்தான் தெரியும். நாங்கள் எல்லாரும் முறை வைத்து, அண்ணை அண்ணை என்று கூப்பிட்டு, அவரைப் புரட்டினோம், கழுவினோம், சாப்பிடச் சொல்லிக் கெஞ்சினோம். அவர் சாப்பிடவில்லை. புண் எலும்பு வரை போய் விசம் ஏறி, மாரி தொடங்க முதல் செத்துப்போனார். கூச்சக்காரிதான் உடம்பைக் கழுவினாள். அண்ணை என்று சொல்லிவிட்டு, ஓர் இடமும் விடாமல் கழுவினாள்.

சில வருடங்கள் கழித்து நான் பிரசவ வாட்டில் வேலை செய்தேன். பிறந்த பிள்ளையைத் தகப்பனிடம் காட்டுவதற்காக வெளியே கொண்டுபோனபோது, சக்கர நாற்காலியில் இருந்த ஒருவர் கையை நீட்டினார். கால்கள் இரண்டும் சூம்பிப் போயிருந்தன. பங்கருக்குள் மண் சரிந்ததில் முள்ளந்தண்டு முறிந்ததாம், கீழே ஒன்றும் தெரியாதாம். பிள்ளையை அவருடைய மடியில் வைத்தேன்.

உள்ளே திரும்பி வந்து, யார் என்ன நினைத்தாலும் நினைக்கட்டும் என்று, பிள்ளை பெற்றவளிடம் இது எப்படி நடந்தது என்று கேட்டேன். களைத்துக் கிடந்தவள் சிரித்தாள்.

"தன்ரை பாட்டிலை வாறதுதான், மிஸ்ஸி. எல்லாருக்கும் சரிவராதாம், எங்களுக்குச் சரிவந்தது. அவருக்குத் தெரியாட்டி என்ன, எனக்குத் தெரியுமே."

நான் சேலைன் போத்தல் மாற்றுகிற சாட்டில் மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டேன். தலையில் பூ வைத்துக்கொண்டு வந்த அன்று, அந்த அரியாலைக்காரி நினைத்தது சரி.