துணிக்கடியில் ஒரு கடிதம்

2007. கல்யாணமாகி ஒரு வருடம். தாவரவியல் படித்த என் மனைவி, முதுநகரில் எங்கள் வீட்டு வாசலில் பூச்சி தின்னும் செடி ஒன்றை வளர்த்தாள். பிடித்துவைத்த மழைத்தண்ணீரை மட்டுமே அதற்கு ஊற்றுவாள்.

“வெள்ளிக்கெழமையும் அதுவுமா வாசல்ல உசுரத் தின்னுற செடி எதுக்குடா?” என்றார் அம்மா. நான்தான் தொட்டியைத் தூக்கிச் சமையலறை மூலையில் வைத்தேன். மனைவி அங்கேயும் மழைத்தண்ணீரைக் கொண்டுபோய் ஊற்றினாள்.

நாலு மாதம் கழித்து, “இது பூக்கவே பூக்காதா?” என்று கிண்டலாகக் கேட்டேன்.

“உள்ளயே வச்சிருந்தா ஒடனே சாகாதுங்க. ஆனா பூக்காது. வெயில் வேணும்” என்றாள், அரிசி களைந்தபடி.

எனக்குச் சுருக்கென்றது. சிதம்பரத்தில் ஒரு கல்லூரியிலிருந்து அவளுக்கு வந்த இன்டர்வியூ கடிதத்தை, வேலைக்குப் போய்விடுவாளோ என்று பயந்து, பீரோவில் என் சட்டைகளுக்கு அடியில் ஒளித்திருந்தேன். தேதி எப்போதோ போய்விட்டது.

தொட்டியை வாசலில் வைத்துவிட்டு வந்து, கடிதத்தை அவளிடம் நீட்டினேன். அவள் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

“உங்க சட்டைய மடிச்சி வைக்கிறது யாருங்க? தேதிக்கு முன்னாடியே பாத்துட்டேன். நீங்களா குடுப்பீங்கன்னு இருந்தேன்.”

மாசியில் அந்தச் செடி வெள்ளையாகப் பூத்தது. அம்மாகூட வந்து பார்த்தார். நான் பூவையே பார்த்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் நின்றவளைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.