குணமாகாத நாயகிக்குச் சாயங்கால முகூர்த்தம்

குழாயைத் திறக்க முடியாமல்தான் எல்லாம் தொடங்கியது. தல்லாகுளம் வீட்டில் ஒருநாள் காலை, பல் துலக்கப் போனவள் குழாயைப் பிடித்தபடி நின்றேன். விரல்கள் மடங்கவில்லை. மதியம் நெருங்கும்போது தானாகவே மடங்கின. மறுநாளும் அப்படியே.

மாதக்கணக்கில் தைலம் தேய்த்துப் பார்த்த பிறகுதான் டாக்டரம்மாவிடம் போனோம். முடக்குவாதம் என்றார் (உடம்பின் காவல் சக்தியே தன் மூட்டுகளை எதிரியென்று நினைத்துத் தாக்கும் நோய்).

"வயசானவுகளுக்கு வாரதுதானே டாக்டர் இது?" என்று அம்மா கேட்டாள்.

"சின்ன வயசுலயும் வரும்மா. முழுசா குணமாகாது. மாத்திரை போட்டா கட்டுக்குள்ள இருக்கும்."

வெளியே வந்ததும் அம்மா சொன்ன முதல் வார்த்தை, "யார்ட்டயும் சொல்லிறாத." எனக்கு வலிக்கிறதா என்று அவள் கேட்டது அதற்குப் பிறகுதான்.

ஸ்டீராய்டு மாத்திரையில் (வீக்கத்தை வேகமாகக் குறைக்கும் மருந்து) வலி இறங்கியது. முகம் மட்டும் ஊதிப்போனது.

அம்மாவும் நானும் வாடகை நூலகத்தில் மாத நாவல் எடுத்துப் படிப்பவர்கள். காதல் கதைகள்தான். நாயகி எப்போதும் சந்தன நிறம், கொடியிடை. என்னைப் போல் கறுத்து, கன்னம் உப்பிய ஒருத்தி நாயகனின் அக்காவாகக்கூட வந்ததில்லை. நாயகிக்கு நோய் வந்தால் இரண்டே வழி. வெளிநாட்டு டாக்டர் ஒரே அத்தியாயத்தில் குணமாக்குவார். இல்லையென்றால், காதலனைத் தங்கைக்குத் தாரைவார்த்துவிட்டுச் சிரித்த முகத்தோடு செத்துப்போவாள். மாத்திரை போட்டுக்கொண்டே கல்யாணம் செய்து, மாத்திரை போட்டுக்கொண்டே புருஷனோடு சண்டை போடுகிறவள் யாருமே இல்லை. அப்படி ஒருத்தியைப் படித்திருந்தால் அம்மா அந்தக் காரியத்தைச் செய்திருக்க மாட்டாள். நினைத்தால் இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது.

பேரையூரிலிருந்து பெண் பார்க்க வருவதாகச் சொல்லியனுப்பினார்கள். மாப்பிள்ளைக்கு ஞாயிற்றுக்கிழமைதான் லீவு. சாயந்திரம் வரச் சொல்லுங்கள், அப்போதுதான் என் கை வேலை செய்யும் என்றேன். ஞாயிறு சாயந்திரம் ராகுகாலமாம். காலை என்று முடிவானது. எங்கள் வீட்டில் என் விரலைவிட ராகுவுக்கு மரியாதை அதிகம்.

அது போதாதென்று, அம்மா என் மாத்திரைகளை எடுத்துப் பீரோவில் வைத்துப் பூட்டினாள். "அவுக வந்துட்டுப் போற வரைக்கும் வேணாம்டி. முகம் கொஞ்சம் வத்தட்டும்." கத்தினேன். அப்பா செய்தித்தாளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மூட்டெல்லாம் வீங்கி, வாந்தியும் தலைச்சுற்றலுமாகக் கிடந்த என்னைப் பட்டுப்புடவையில் சுற்றி, கையில் காபித் தட்டைக் கொடுத்தார்கள். கூடத்தின் நடுவில் தட்டோடு விழுந்தேன். நினைவு தப்பும் முன் மாப்பிள்ளையின் சித்தி கேட்டது காதில் விழுந்தது. "இம்புட்டுச் சீக்காளியையா எங்க தலையில கட்டப் பாத்தீக?" கொண்டுவந்த பூவை மறக்காமல் திரும்ப எடுத்துக்கொண்டு போனார்கள் என்று பிறகு அப்பா சொன்னார்.

ஆஸ்பத்திரியில் நான் கண் விழித்தபோது டாக்டரம்மா அம்மாவைப் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டிருந்தார்.

"யாரும்மா நிப்பாட்டச் சொன்னது? முகம் வத்தும்னு பாத்தீங்க. உசுரே போயிருக்கும்!"

(ஸ்டீராய்டைத் தொடர்ந்து சாப்பிட்டால், அதைப் போன்ற சுரப்பை உடம்பு தானே உண்டாக்குவது குறைந்துவிடும். திடீரென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் சரியும்.) இந்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள், எப்பேர்ப்பட்ட சம்பந்தம் வாசலில் வந்து நின்றாலும், டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்.

மறுநாள் எனக்குப் பொழுது போகட்டும் என்று அம்மா அந்த மாத நாவலைக் கொண்டுவந்தாள். நாயகிக்கு இதயத்தில் ஓட்டை. கடைசிப் பக்கத்தில் அவள் படத்துக்கு மாலை. கிழித்துப் போடலாமென்றால் விரலில் பலமில்லை.

"அம்மா, நீயே இதைக் கிழி."

"திருப்பிக் குடுக்கணும்லடி," என்றவள் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் புத்தகத்தைப் பைக்குள் ஒளித்தாள்.

வீடு திரும்பியதும் நானே ஒரு நாவல் எழுதத் தொடங்கினேன். எழுதினேன் என்பது பேச்சுக்கு. நான் சொல்லச் சொல்ல எழுதியது அம்மா. என் நாயகி கறுப்பு, முடக்குவாதக்காரி. பாட்டில் மூடி திறக்கச் சொன்னால் முனகுகிற சாதாரண ஆள்தான் அவளுடைய காதலன். அவர்கள் கல்யாணம் சாயந்திரம் நடக்கிறது, மாலையைப் பிடிக்க அவள் விரல் மடங்க வேண்டுமே.

அந்த இடத்தில் அம்மா பேனாவை நிறுத்தினாள். "கல்யாணத்தன்னிக்காவது இவ மாத்திரையை விடக் கூடாதா?"

"விட்டா என்ன ஆகும்னு உனக்குத் தெரியாதாம்மா?"

அம்மா மூக்கை உறிஞ்சிவிட்டு மறுபடி எழுதினாள். அன்றுதான் என் கோபம் கொஞ்சம் இறங்கியது. போய்விட்டது என்று சொல்லமாட்டேன்.

முடித்து அனுப்பியதும் மாத நாவல் பத்திரிகை ஆசிரியர் ஒருவர் நேரில் வரச் சொன்னார். அம்மாவோடு போனேன்.

"நல்லாத்தாம்மா எழுதியிருக்கீங்க. ஆனா சாயந்திரம் எவன் தாலி கட்டுவான்? அப்புறம் கடைசி அத்தியாயம். ஒண்ணு குணமாக்கிருங்க, இல்ல சாகடிச்சிருங்க. இப்படி நடுவுல விட்டா வாசகர் ஏத்துக்க மாட்டாங்க."

"நான் குணமாகவும் இல்ல, சாகவும் இல்ல சார். உங்க முன்னாடிதான் உக்காந்திருக்கேன்."

அவர் சங்கடமாகச் சிரித்தார். அம்மா மேசையிலிருந்த தாள்களை வெடுக்கென்று எடுத்தாள். "அவ சாகமாட்டா சார். நாங்க போயிட்டு வாரோம்."

நாவல் இன்னும் அச்சாகவில்லை. விரல்கள் இன்னும் காலையில் மடங்குவதில்லை. ஊருக்கு விடிந்து வெகுநேரம் கழித்துத்தான் என் உடம்புக்கு விடிகிறது. முன்பெல்லாம் அந்த நேரத்தைத் திட்டிக்கொண்டே கிடப்பேன். இப்போது அது என் நேரம், அதில் எனக்கு யாரும் முகூர்த்தம் குறிக்க முடியாது.

பெண் பார்க்க யாராவது வருவதானால் சாயந்திரம் வரட்டும், ராகுகாலமானாலும் சரி. மாத்திரை டப்பா கூடத்து மேசைமேல்தான் இருக்கும். அதை அங்கே வைப்பது அம்மாதான்.