வழிகிற சத்தம்

ஜப்பானில் ஒரு மலையூர். வெந்நீர் ஊற்று விடுதியின் பெண்கள் குளத்தில் கழுத்தளவு நீரில் உட்கார்ந்திருக்கிறேன். நேற்று ராத்திரி சென்னையில் விமானம் ஏறி, இறங்கியதும் நேரே இங்கே. "ரெண்டு நாள் எதையும் யோசிக்காம இரும்மா" என்று கூட்டி வந்திருக்கிறாள், டோக்கியோவில் வேலை பார்க்கும் மகள்.

உடம்பெல்லாம் அசதி. ஆனாலும் கண்ணை மூட முடியவில்லை. குளத்து நீர் கல் விளிம்பைத் தாண்டி வழிந்துகொண்டே இருக்கிறது. மந்தைவெளியில் எங்கள் குடியிருப்பின் மோட்டார் பன்னிரண்டு வருஷமாக என் பொறுப்பு. மாடித் தொட்டி வழிகிற சத்தம் கேட்டால் சாப்பிடுகிற கையோடு எழுந்து ஓடுகிறவள் நான்.

இங்கேயும் எழுந்துவிடுகிறேன். துண்டைச் சுற்றிக்கொண்டு சுவரில் சுவிட்சைத் தேடுகிறேன். ஒரு சிவப்புப் பொத்தான் இருக்கிறது. அழுத்துகிறேன். யாரோ மயங்கி விழுந்துவிட்டதாக நினைத்து விடுதிப் பணிப்பெண் மூச்சிரைக்க ஓடி வருகிறார். என் வயதுதான் இருக்கும்.

"என்னம்மா பண்ணே?" என்கிறாள் மகள், தண்ணீருக்குள்ளிருந்து.

"தண்ணி வீணாப் போவுதுடி. நிறுத்தச் சொல்லு."

அவரிடம் பேசிவிட்டுச் சொல்கிறாள். "இது நிக்காதாம்மா. மலையிலேர்ந்து தானா வருதாம். இவங்க பொறக்கறதுக்கு முன்னாடிலேர்ந்தே வழியுதாம்."

நான் மோட்டார் கதையைச் சொல்கிறேன். மகள் சலிப்போடு மொழிபெயர்க்கிறாள். அவர் பொறுமையாகக் கேட்டு, இன்னொரு துண்டை என் தோளில் போர்த்திவிட்டு ஏதோ கேட்கிறார்.

"இப்போ அங்க மோட்டாரை யாரு பாத்துக்கறாங்கன்னு கேக்கறாங்கம்மா."

மோட்டார் அறையின் ஒரே சாவி, உடை மாற்றும் அறையில், என் கைப்பைக்குள் இருக்கிறது.