வீட்டுக்குள் வராத வேலை

டாம்ரா லெட்பெட்டர் எனக்குப் பக்கத்து மேசை. நிலவில் இறங்கும் கலம் ஒன்றைச் செய்ய அரசு ஒப்பந்தம் கேட்டிருந்தது எங்கள் நிறுவனம். அவள் டெண்டர் பிரிவு. அவள் கணவன் ட்வைட், அதே ஒப்பந்தத்துக்கு எங்களோடு மோதிய சின்ன நிறுவனத்தில் எரிபொருள் தொட்டிகளுக்கு வெல்டிங் செய்தான். ராக்கெட் நிறுவனங்கள் நிறைந்த எங்கள் ஹன்ட்ஸ்வில்லில் இப்படித் தம்பதிகள் உண்டு. வேலைப் பேச்சு வாசலோடு சரி என்று இரண்டு பேரும் அவரவர் நிறுவனத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். கல்யாணமான நாளிலிருந்து மீறியதில்லை.

ஒப்பந்தம் சின்ன நிறுவனத்துக்குப் போனது. அந்த வெள்ளிக்கிழமை ட்வைட் சுட்ட பன்றி விலாவும் புட்டிங்கும் வாங்கி வந்தான்.

“என்ன மகாராணி, பெரிய கம்பெனியில இன்னிக்கு துக்கமா?”

“வாய மூடிட்டுத் தின்னு.”

“டென்வர்ல ஒரு வேலைக்கு என்னைக் கூப்பிட்டாங்கல்ல? இன்னிக்குள்ள பதில் சொல்லணும். வேண்டாம்னுடவா? இனிமே எதுக்கு?”

ஒப்பந்தம் அவர்களுக்குப் போனதை எதிர்க்கும் எங்கள் ஆட்சேப மனுவை அன்று மதியம்தான் டாம்ரா சரிபார்த்து முடித்திருந்தாள். திங்களன்று தாக்கல். தாக்கலானால் முடிவு வரும்வரை வேலையும் பணமும் நிற்கும். சின்ன நிறுவனம் அதுவரை தாங்காது. அது எங்கள் அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும்.

“உன் இஷ்டம்” என்றாள்.

அவன் அடுக்களையில் நின்றபடியே போன் செய்து மறுத்துவிட்டான்.

மாதங்கள் கழித்து மனு தள்ளுபடியானது. அதற்குள் ட்வைட்டின் நிறுவனத்தை மூடிவிட்டார்கள். ஒப்பந்தம் எங்களுக்கு வந்தது. நாங்கள் கேக் வெட்டியபோது டாம்ரா கழிப்பறையில் இருந்தாள்.

ட்வைட் ஒரே ஒரு முறை கேட்டான்.

“அன்னிக்கு நான் கேட்டப்பவே உனக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“கொஞ்சம் பொறுன்னு மட்டும் சொல்லியிருக்கலாமே, டாம். காரணம் வேண்டாம்.”

“அதுவே எல்லாத்தையும் சொன்ன மாதிரிதானே.”

ஆமாம் என்று தலையசைத்தான். அவள் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க அவனால் முடியவில்லை.

இப்போது பக்கத்து ஊரான டிகேட்டரில் மாடு ஏற்றும் டிரெய்லர்களுக்குப் பற்றவைக்கிறான். எங்களுக்கு வெல்டர்கள் தேவைப்பட்டபோது டாம்ரா அவனிடம் சொல்லிப் பார்த்தாள்.

“அங்க சேர்ந்தா தினமும் உன்கூட ஒரே வண்டியில வரணுமே” என்றானாம்.

“கோபமா சொல்லல” என்றாள் என்னிடம். “சும்மாதான் சொன்னான்.”

கொஞ்ச நேரம் கழித்து அதையே மறுபடியும் சொன்னாள்.